காகிதத்தில் இல்லாத சந்து

வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் முடிவெடுத்தது மனைவியின் முழங்கால்கள்தான். அதை ஏற்றுக்கொள்ள லிஃப்ட் மெக்கானிக்குக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

அவளுக்கு மூட்டுகள் ஒவ்வொன்றாக மக்கர் செய்ய ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, இப்போது முழங்கால். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, அதனால் வேலைக்கு ஆபத்தில்லை. ஆபத்தெல்லாம் வீட்டில்தான். படுக்கையறையும் குளியலறையும் மாடியில் இருந்தன. நடுவே பதினான்கு படி. காலையில் அவள் மேல் படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குவாள். அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிறீங்க. சொந்தப் பொண்டாட்டி இப்படி இறங்குறா பாருங்க" என்று அவள் சிரிப்பாள். முதல் வருடம் அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

தரைத்தளத்தில் ஒரு ஃபிளாட் கிடைத்தது. வாசலில் ஒரு படிகூட இல்லை. அதன் சொந்தக்காரர் மகளோடு போய் இருக்கப் போகிறவர், மாதக் கடைசிக்குள் முடித்துக்கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். இவர்கள் வீட்டுக்கு ஒரு பேக்கரிக்காரர் வந்தார். சமையலறையைப் பார்த்ததுமே அவருக்குப் பிடித்துப்போயிற்று. இந்த வீடு கை மாறினால்தான் அந்த ஃபிளாட் கைக்கு வரும். எல்லாம் கூடி வருகிற மாதிரி இருந்தபோதுதான், பேக்கரிக்காரருக்குக் கடன் கொடுக்கும் பேங்கின் வக்கீலிடமிருந்து இருபத்துமூன்று கேள்விகள் கொண்ட தாள் வந்தது.

கூரை எப்போது மாற்றப்பட்டது, கழிவுநீர்க் குழாய் எங்கே சேர்கிறது, பக்கத்து வீட்டோடு தகராறு உண்டா. மெக்கானிக் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தார். பதினேழாவது கேள்வி: 'சாலையிலிருந்து வீட்டு வாசலை அடைவதற்கான உரிமை எந்த ஆவணத்தில் உள்ளது?'

அவர் வீடு இன்னொரு வீட்டின் பின்னால் இருந்தது. முன்வீட்டின் பக்கச்சுவரை ஒட்டிப் பன்னிரண்டு தப்படி நீளத்தில் ஒரு சிமெண்டுச் சந்து. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் நான்கு முறையாவது நடந்த சந்து. 'கால்களால்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

இவர்களுடைய வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு செருப்புக் கடையின் மாடியில். ஏற முடியாது என்று மனைவி போன் செய்ததும், அவரே ஃபைலைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். மெக்கானிக்கின் வேனில் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கிரீஸ் வாசம் அடித்தது. வக்கீலம்மா மடியில் வரைபடத்தை விரித்தார்.

"இந்தச் சிவப்புக் கோடுதான் உங்க இடம் சார். எங்க நிக்குது பாருங்க."

கோடு இவர்கள் வாசல்படியோடு நின்றிருந்தது.

"சந்து?"

"சந்து முழுக்க முன்வீட்டுக்காரர் இடம். ஒரு காலத்துல ரெண்டும் ஒரே ஆள் சொத்து. பிரிச்சு எழுதினவர் வழியை எழுத மறந்துட்டார். காகிதத்தைப் பார்த்தா உங்க வீட்டுக்கு வழியே இல்ல."

"அப்போ இருபத்திரண்டு வருஷமா நாங்க பறந்தா வந்தோம்?"

"வாங்கும்போது வக்கீல் யாரும் பார்க்கலையா?"

பார்த்தவர் மாமா முறை. பார்த்தார் என்றுதான் நம்பியிருந்தார்கள். அவரும் இப்போது இல்லை.

கோர்ட்டுக்குப் போனால் வழி கிடைக்கும், ஆனால் இரண்டு வருடம் இழுக்கும் என்றார் வக்கீலம்மா. சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் இரண்டே வாசல்தான். ஒன்று, முன்வீட்டின் சொந்தக்காரர் வழிப் பாத்தியம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. இல்லாவிட்டால், இருபது வருடத்துக்கு மேல் யாரையும் கேட்காமல், ஒளிக்காமல், உரிமையோடு நடந்தோம் என்று இவர்கள் பிரமாணப் பத்திரம் கொடுப்பது.

"ரெண்டாவதே போதும்! நாங்க யாரைக் கேட்டோம்?" என்றார் மெக்கானிக்.

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "கேட்டோமே."

"எப்போ?"

"குடிவந்த அன்னைக்கு. பீரோவைத் தூக்கிக்கிட்டு நிக்கிறோம். கேப்டன்கிட்ட நான்தான் கேட்டேன், அண்ணே இந்தப் பக்கமா கொண்டுபோகலாமான்னு. தாராளமா போங்க, இது உங்க வழின்னே வெச்சுக்குங்கன்னார்."

கேப்டன் என்பது முன்வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர். கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர்.

வக்கீலம்மா பேனாவை மூடினார். "அவர் சொன்னதுக்குப் பேர் அனுமதி. அனுமதி வாங்கி நடந்தா எத்தனை வருஷம் நடந்தாலும் உரிமை ஆகாது மேடம்."

"அவர் நல்ல மனசோட சொன்னதுதானே?"

"நல்ல மனசுதான் பிரச்சினை. அன்னைக்கே சண்டை போட்டிருந்தீங்கன்னா இன்னைக்கு உங்க பக்கம் பலமா இருந்திருக்கும்." ஃபைலைக் கட்டிக்கொண்டே, "இதை நான் கேட்டுட்டேன் சார். இனிமே கேட்காதவ மாதிரி அந்தப் பத்திரத்தைத் தயார் பண்ண முடியாது. முதல் வாசலைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் நான்காவது சிக்னலில் மெக்கானிக் கேட்டார்.

"வாயைத் திறக்காம இருந்திருக்கக் கூடாதா?"

"சத்தியம் பண்ணிக் கொடுக்கிற பத்திரம்ங்க அது."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றாள் அவள். மெக்கானிக் கியரை மாற்றிய வேகத்தில் பின்னால் கருவிப் பெட்டி சரிந்து விழுந்தது.

அன்று சாயங்காலமே முன்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கேப்டனின் மனைவியை இருவருமே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூடிய தட்டோடு சந்தில் போவதும் வருவதுமாக இருபத்திரண்டு வருடப் பழக்கம். கேப்டன் கப்பலில் இருந்தார்; ஒன்பது வருடமாக அப்படித்தான் கேள்வி. எப்போதாவது வருவார், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்து போய்விடுவார் என்று அக்கா சொல்வார்.

விஷயத்தைக் கேட்டதும் அக்காவின் முகம் சட்டென்று சாத்திக்கொண்டது. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றார்.

நான்கு நாள் ஆயிற்று. அக்காவின் சமையலறை ஜன்னல் சந்தைப் பார்த்து இருப்பது. எப்போதும் திறந்தே கிடப்பது. இப்போது இவர் காலடி கேட்டதும் அது மூடிக்கொண்டது. ஐந்தாம் நாள் மெக்கானிக் தனியாகப் போய், ஏதாவது எதிர்பார்க்கிறீர்களா, தொகையைச் சொல்லுங்கள் என்று கேட்டார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னை அப்படியா தம்பி நினைச்சீங்க?"

"வேற எப்படி நினைக்கிறது? பன்னிரண்டு தப்படி சிமெண்டுக்கு இவ்வளவு கிராக்கியா? அவ படியில உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குறா. உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டுக்குப் போகச் சந்தில் கால் வைத்தபோது மெக்கானிக்குக்கு விசித்திரமாக இருந்தது. ஒவ்வொரு தப்படியும் அடுத்தவர் இடத்தில் விழுகிற மாதிரி. ஓரமாகச் சுவரை ஒட்டி நடந்தார். சுவரும் அவர்களுடையதுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவே வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். சமையலறையில் உட்கார்ந்து டின்னைத் திறந்தார். உள்ளே வீட்டுப் பத்திரத்தின் நகலும் ஒரு பழைய கவரும் இருந்தன.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு இல்ல. போட்டா செல்லாது. வீடு அவர் பேர்ல மட்டும்தான் இருக்கு."

"அவர் அடுத்த தடவை வரும்போது போடட்டுமே அக்கா" என்றாள் மனைவி.

"வர மாட்டார்." அக்கா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கப்பலை விட்டே ஒன்பது வருஷம் ஆச்சு. இங்கேருந்து பஸ்ல முக்கால் மணி நேரம். அங்க ஒருத்தியோட இருக்கார். ஒரு பொண்ணும் இருக்கு. போன வருஷம் பெரிய பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்களாம்."

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"தெருவுல கேட்டா என்ன சொல்றது? அதான் கப்பல்ல இருக்கார்னு சொல்லிட்டே இருந்துட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே பழகிப்போச்சு." டின்னின் மூடியை அழுத்தி மூடினார். "அவர் என்னைத் தேடி வரலையேன்னு எனக்கு வருத்தம் இல்ல. அவருக்கு இந்த வீடு ஞாபகம் வந்துடக் கூடாதேன்னுதான் பயம். யாராவது ஒரு காகிதத்தை நீட்டினா ஞாபகம் வந்துடும். வந்தா வித்துடுவார். எனக்குப் போக்கிடம் கிடையாது."

மனைவி கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்தாள். அவளுக்கு விரல்களை முழுவதும் மடக்க வராது, மேலே வைத்துக்கொண்டிருந்தாள். "நாங்க யார்கிட்டயும் போக மாட்டோம்க்கா" என்றாள்.

மெக்கானிக் அதற்குள் கவரின் மேல் இருந்த முகவரியைத் தலைகீழாகவே படித்து முடித்திருந்தார்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. பேக்கரிக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தார். ஃபிளாட்காரரும் செய்தார். இரண்டு பேரிடமும் மெக்கானிக் ஒரே பதிலைச் சொன்னார்: ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி.

புதன்கிழமை காலை, பழுது பார்க்கப் போகிறேன் என்று கிளம்பி, அந்த முகவரிக்கு வேனை ஓட்டினார். மூன்று மாடிக் கட்டடம், கீழே சலூன். எதிரில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கேப்டன் வந்தார். தலை முழுக்க நரைத்து, தோள் ஒடுங்கி, காய்கறிப் பையோடு ஒரு சிறுமியின் புத்தகப் பையையும் சுமந்துகொண்டிருந்தார். கட்டட வாசலில் பையைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார். பத்தடி தூரம். கதவைத் திறந்து, அண்ணே என்று கூப்பிட்டால் போதும். மெக்கானிக் கைப்பிடியில் கை வைத்தார். நல்ல மனுஷன், கேட்டால் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டு, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது?

கேப்டன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்தது.

"போனீங்களா?"

"போனேன். இறங்கல."

அவள் மேசையை ஊன்றி எழுந்து ஒரு தட்டை எடுத்து வைத்தாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

மாதம் முடிந்தது. ஃபிளாட்காரர், எவ்வளவு நாள்தான் காத்திருப்பது என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அடுத்த வாரம் யாரோ வாங்கிவிட்டார்கள். பேக்கரிக்காரரும் வேறு வீடு பார்க்கப் போனார். மெக்கானிக் வேலைக்குப் போனார், வந்தார். தெருவில் எல்லா வீட்டு வாசலும் நேரே சாலையில் திறப்பதை இத்தனை வருடத்தில் இப்போதுதான் கவனித்தார். ராஜா வீட்டு வாசல் மாதிரித் தோன்றியது ஒவ்வொன்றும்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மழைநாள் காலையில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய மனைவி சந்தில் வழுக்கி விழுந்தாள். அக்காவின் ஜன்னலுக்கு நேர் கீழே. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. இரண்டாவது முறை முயன்றபோது அவரும் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. மெக்கானிக்குக்குப் போன் போட்டாயிற்று. அவர் வர அரை மணி நேரம் ஆகும். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரே குடையை இருவருக்கும் சேர்த்துப் பிடித்தபடி அக்கா உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா?"

"ஒடிஞ்ச மாதிரி தெரியலக்கா. எழுந்திருக்கத்தான் முடியல."

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கேட்டார். "அந்த ஃபிளாட்டுல வாசல்ல படியே இல்லையாமே?"

"இல்லக்கா."

"கைவிட்டுப் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"என்னாலதானே?"

"இல்லக்கா. குடிவந்த அன்னைக்கு நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டேன் பாருங்க, அதனால."

அக்கா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "உங்க வக்கீலம்மா எனக்கும் பார்ப்பாங்களா?" என்றார்.

மெக்கானிக் வந்தபோது இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

வக்கீலம்மா வந்து அக்காவின் டின்னைக் குடைந்தார். முன்வீட்டுக்காக ஒருவரும் பின்வீட்டுக்காக ஒருவருமாக இரண்டு வக்கீல் இருப்பதுதான் முறை என்று தன் சிநேகிதியையும் அழைத்து வந்திருந்தார். அக்காவுக்காகப் பேசியவர் அந்தச் சிநேகிதி. "வீடு கணவர் பேர்ல இருந்தாலும், மனைவி குடியிருக்கிறது தனி உரிமைம்மா. அதைப் பதிவு அலுவலகத்துல ஏத்திடலாம். ஏத்திட்டா, உங்களை வெச்சுக்கிட்டு இந்த வீட்டை எவனும் வாங்க மாட்டான்."

"இவ்வளவு சுலபமா?" என்றார் அக்கா. "ஒன்பது வருஷமா இது எனக்குத் தெரியாதே."

"ஒரு விஷயம். பதிவு பண்ணினதும் சொந்தக்காரருக்குத் தபால் போகும். அவருக்குத் தெரிஞ்சுடும்."

மேசையைச் சுற்றி எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். வந்து உட்கார்ந்து, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

தபால் போன பன்னிரண்டாம் நாள் கேப்டன் வந்தார். சனிக்கிழமை மதியம். முன்வீட்டுக் கதவை மூன்று முறை தட்டினார். அக்கா உள்ளேதான் இருந்தார், திறக்கவில்லை. கேப்டன் சந்தில் நடந்து வந்து இவர்கள் வாசலில் நின்றார். கையில் அந்தத் தபால்.

"தம்பி, இது என்ன கூத்து?"

மெக்கானிக் அவரை உட்காரவைத்துவிட்டு வக்கீலம்மாவுக்குப் போன் செய்தார். அவர் வந்து சேரும்வரை கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அடுத்த வருஷம் வித்துடலாம்னு இருந்தேன். பொண்ணு படிப்பு இருக்கு. இப்போ எவன் வாங்குவான்? அவ என் கையைக் கட்டிட்டா."

அக்கா பயந்தது வீண் பயமில்லை என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. அன்று வேனிலிருந்து இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் புரிந்தது. மனைவி மட்டும் கேட்டாள்: "அண்ணே, அக்கா எங்கே போவாங்கன்னு யோசிச்சீங்களா?"

கேப்டன் தபாலை நாலாக மடித்து, திரும்பவும் பிரித்தார்.

வக்கீலம்மா வழிப் பாத்தியப் பத்திரத்தை மேசையில் வைத்தார். "உங்க வீட்டு விஷயத்துல நான் தலையிட முடியாது சார். இது சந்து மட்டும். வேணும்னா வேற வக்கீல்கிட்ட காட்டிட்டுப் போடுங்க. இது கோர்ட்டுக்குப் போனா உங்க வீட்டுக்கும் சேர்த்துத்தான் வில்லங்கம்."

"சந்துக்கு எதுக்கு வக்கீல்? அன்னைக்கே கொடுத்ததுதானே." கேப்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "'மேற்படி பாதையில் எந்நேரமும் கால்நடையாகவும்...' என்னம்மா இது, ஆடு மாடு ஓட்டவும் சேர்த்தா?"

மெக்கானிக்கும் சிரித்துவிட்டார். வக்கீலம்மா பேனாவை எடுத்து, "கால்நடையாகன்னா நடந்து. வேற ஏதாவது சேர்க்கணுமா? சைக்கிள்? சாமான் வண்டி?" என்று கேட்டார்.

"சக்கர நாற்காலின்னு சேர்த்துக்குங்க" என்றாள் மனைவி.

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. மெக்கானிக் எழுந்து போய் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்கிறவர் மாதிரி நின்றார். அது சரியாகத்தான் இருந்தது. வக்கீலம்மா தலை நிமிராமல் ஓரத்தில் எழுதிச் சேர்த்தார். கேப்டன் கையெழுத்துப் போட்டார். போகும்போது முன்வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றார், தட்டாமலேயே போனார்.

பத்திரம் பதிவாகி வந்தது. வீட்டுக்கு வழி உண்டு என்று இப்போது காகிதமே சொன்னது. ஆனால் வாங்க ஆளும் இல்லை, போக ஃபிளாட்டும் இல்லை. மெக்கானிக் கட்டிலைக் கழற்றிக் கீழ் அறையில் கொண்டுவந்து போட்டார். குளிக்க மட்டும் மாடி ஏற வேண்டியிருந்தது. அதைத் தள்ளிப்போட அவள் தினமும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

ஒருநாள் மனைவி சந்தில் மெதுவாக நடந்துவந்தபோது ஜன்னல் திறந்தது.

"வேற வீடு அமைஞ்சுதா?" என்று கேட்டார் அக்கா.

"இன்னும் இல்லக்கா. தரையோட தரையா எதுவும் கிடைக்கல. இன்னும் ஆறேழு மாசம் ஆகும்போல."

"அடடா" என்றார் அக்கா. குரலில் வருத்தம் சரியான அளவில்தான் இருந்தது. ஆனால் முகம் ஒரு கணம் மலர்ந்துவிட்டது; அதை மறைக்க அவர் அவசரமாகக் குனிந்து பாத்திரத்தைத் துலக்க ஆரம்பித்தார்.

மனைவி அதைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் கொஞ்சம் ஆறட்டும் என்று அங்கேயே நின்றாள்.